பெண்டில்பரி குடும்பம் சிந்தித்த வரலாறு

ஆக்லாந்திலிருந்து வடமேற்கே, கூமியூவைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் சாலையோரம் ஒரு கல்வளைவு வரும். அதற்குப் பின்னால் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள். வளைவின் நெற்றியில் தங்க எழுத்தில் 'பெண்டில்பரி எஸ்டேட்: நூறாண்டுச் சிந்தனை' என்று பொறித்திருக்கும். அந்த வட்டாரத்தில் முதன்முதல் வைன் வடித்தவர்கள் தாங்களே என்பது பெண்டில்பரி குடும்பத்தாரின் நம்பிக்கை. அவர்களுக்கு முன்பே அங்கே கொடி நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்து வேலிக்குள்தான் இருக்கிறார்கள். கேட்டால் வேறு மாதிரிச் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவர்களை யாரும் கேட்பதில்லை.

இந்த எஸ்டேட்டில் சோதிலிங்கம் பாதுகாப்பு அதிகாரி. மனிதர் வைனை நாக்கில் தொட்டவர் அல்ல. வெள்ளிக்கிழமை என்றில்லை, எல்லாக் கிழமையும் மரக்கறிதான். கோயிலில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் 'பழத்தோட்டக் கொம்பனி' என்று சொல்லிவிட்டு வேகமாகப் பிரசாத வரிசையில் போய் நின்றுகொள்வார். ஆனாலும் அந்த வேலை அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இளவயதில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் இயந்திரங்களோடு இருந்தவர். சண்டை வந்து ஆலையை மூடிய பிறகு கொழும்பு, அதன் பிறகு இந்த நாடு. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி பொறுக்கியும் பேக்கரியில் மா மூட்டை சுமந்தும் காலம் போனது. ஐம்பதைத் தாண்டிய பிறகு கிடைத்த உத்தியோகம் இது. அவருக்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு, கதவில் அவர் பெயர். ஒரு வரியில் அடங்காமல் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. அந்த இரண்டாவது வரியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு ஒரு விரற்கடை உயரும்.

புதிதாகச் சேர்பவர்களை எஸ்டேட்டின் தலைவி திருமதி அகத்தா பெண்டில்பரி தாமே மரபு மண்டபத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். எண்பதை நெருங்கும் வயது, நடையோ குதிரைப்படை. மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கருவி, அதன் கீழே பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு பெண்டில்பரியின் பெயர்.

"இது எங்கள் முதல் புதுமை," என்றார் அகத்தா, திராட்சை பிழியும் பழைய மரப்பொறி ஒன்றைக் காட்டி. "அந்தக் காலத்தில் பழத்தை முரட்டுத்தனமாகப் பிழிந்தார்கள். ஒருநாள் ஒரு வேலையாளின் கை உள்ளே அகப்பட்டுக்கொண்டது. முழங்கை வரைக்கும். என் பாட்டனார் அகஸ்டஸ் பக்கத்தில் நின்றார். கை இருந்த பக்கம் மட்டும் சாறு தெளிவாக வடிவதைக் கவனித்தார். நடுவில் மென்மையான ஒன்று இருந்தால் கொட்டை நசுங்காது, சாறு கசக்காது என்று அவருக்குத் தோன்றியது. அந்த வருடமே ரப்பர் பை வைத்த பொறி பிறந்தது."

"அந்த வேலையாளுக்கு என்ன ஆனது?" என்று சோதிலிங்கம் மரியாதையாகக் கேட்டார்.

"எந்த வேலையாள்?" என்றார் அகத்தா.

அடுத்த பெட்டியில் பறவை வலை இருந்தது. "மைனாக்கள் பழத்தைத் தின்றுவிடும். சித்தப்பா கத்பர்ட் துப்பாக்கியோடு வரிசை வரிசையாக நடப்பார். ஒரு மாலை நேரத்தில், குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்த இருவரை மைனா என்று நினைத்துவிட்டார். குனிந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர்கள் முதுகிலிருந்து துப்பாக்கிச் சன்னங்களைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது சித்தப்பாவின் கண்கள் பளிச்சிட்டன. சுடுவதற்குப் பதிலாக வலையைப் போர்த்தினால் என்ன? இந்த வட்டாரத்திலேயே நாங்கள்தான் முதல்."

அதற்கப்பால் ஓர் எஃகுத் தொட்டி, அடியில் சின்னக் கதவு வைத்தது. "சாறு நுரைக்கும் தொட்டிக்குள் காற்று நஞ்சாகிவிடும். ஒருவர் சக்கையை வார உள்ளே இறங்கினார், மேலே வரவில்லை. அவரைத் தேடி இன்னொருவர் இறங்கினார். மூன்றாமவரை இறங்கச் சொல்லும்போது என் தகப்பனாருக்குச் சட்டென்று தோன்றியது: அடியில் ஒரு கதவு வைத்தால் வெளியே நின்றே வாரலாமே!"

கடைசிப் பெட்டியில் ஒரு திருகுமூடி, வெல்வெட் மெத்தையில். அகத்தாவின் தம்பி ரூபர்ட், கார்க் திருகியை ஒரு வைன் நடுவரின் தொடையில் இறக்கிய மறுநாள்தான் எஸ்டேட் கார்க்கைக் கைவிட்டதாம்.

"ஏன் இறக்கினார்?"

"மூன்றாம் பரிசு கொடுத்தார்கள்."

வாசலில் நின்று அகத்தா திரும்பினார். இந்த இடத்தில் அவர் எப்போதும் குரலைத் தாழ்த்துவார். "ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நோவில் இருப்பவரால் சிந்திக்க முடியாது. யாராவது பக்கத்தில் நோவில்லாமல் நின்று அதைச் செய்தாக வேண்டும். அந்தச் சுமையை எங்கள் குடும்பம் நூறு வருடமாக, முகம் சுளிக்காமல் சுமந்து வருகிறது."

சோதிலிங்கம் இதைக் கேட்டு நெகிழ்ந்துவிட்டார். பாவம், எத்தனை விபத்துகளைப் பார்த்து நொந்த குடும்பம்! இனி ஒன்றும் நடக்கக் கூடாது என்றுதானே என்னை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர் செய்த பெரிய பிழை அதுதான்.

நினைத்தபடி வேலையும் செய்தார். ஓடும் பட்டிகளுக்குக் கூடு போட்டார். தொட்டிகளுக்குக் காற்றுமானி மாட்டினார். ஈரத்தரையைத் துடைப்பித்தார். அறுவடை நாளில் நிறைந்த பீப்பாய் ஒன்றைச் சரிவில் உருட்டிவிட்டு அதற்கு முன்னால் ஊழியர்கள் ஓடும் ஒரு மரபு அங்கே உண்டு. அந்தச் சரிவுக்குக் குறுக்கே தடித்த கயிறு கட்டினார். அவர் வந்தபின் எஸ்டேட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

வந்தது வேறு. மாலையில் மாட்டிய கூடு காலையில் கழன்று கிடந்தது. துடைத்த தரையில் யாரோ எண்ணெய் பூசியிருந்தார்கள். ஏணிகளில் நடுப்படி மட்டும் காணாமல் போயிற்று. ஊழியர்களின் ஒழுக்கக்கேடு என்று எண்ணி, பீப்பாய் அறை மேற்பார்வையாளர் நல்லசாமியைப் பிடித்தார். நல்லசாமி தமிழ்நாட்டில் கம்பம் பக்கத்துக்காரர், ஊரிலேயே திராட்சைத் தோட்டம் பார்த்தவர்.

"நல்லசாமி, இந்தக் கூட்டைக் கழட்டினது ஆர்?"

"மேலிடம் சார்."

"மேலிடம் எண்டா?"

"ஹியூகோ சார்தான். ஸ்பேனரோட அவரே வந்தாரு. கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு நட்டு கழட்டத் தெரியல. நான்தான் டார்ச் அடிச்சேன்."

ஹியூகோ என்பவர் ரூபர்டின் மகன், அகத்தாவின் மருமகன், எஸ்டேட்டின் நிர்வாக இயக்குநர்.

"நீங்கள் ஏன் மறிக்கேல்லை?"

"லிங்கம் சார், நீங்க சேந்ததுக்கப்பறம் இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அதுக்குத்தானே என்னை எடுத்தவை!"

"அதான் சார் பிரச்சினையே. இப்படி ஒரு ஆள வைக்கணும்னு சட்டம் சொல்லுது, வச்சாங்க. நீங்க வேலை செய்வீங்கன்னு யாரு கண்டா?"

அடுத்த வாரமே சோதிலிங்கம் புதுமைக் குழுவின் முன்னால் நின்றார். நீண்ட மேசை. ஒரு முனையில் அகத்தா, மறு முனையில் ஹியூகோ. ஹியூகோ சுவரில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். மலையேறி இறங்கி வந்த சிவப்புக் கோடு, ஓரிடத்தில் படுத்துவிட்டது. படுத்த இடத்தில் சோதிலிங்கத்தின் புகைப்படம் ஒட்டியிருந்தது.

"திரு லிங்கம், உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது," என்று தொடங்கினார் ஹியூகோ. "ஆனால் நீங்கள் வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு ஓர் எண்ணம்கூடத் தோன்றவில்லை. நான் காலையில் எழுகிறேன், உட்கார்ந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. வெறுமை. என் தகப்பனாருக்கு என் வயதில் மூன்று எண்ணங்கள் தோன்றியிருந்தன, மூன்று பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இந்த மார்ச்சில் நூறாண்டு விழா. வட்டார வைன் பேரவையின் முன்னோடி விருதைத் தரப்போகிறார்கள், ஒரு புதுமையைக் காட்டினால். எதைக் காட்டுவது? நீங்கள் தரையில் போட்ட மஞ்சள் கோடுகளையா?"

"புதிய கிரஷர் ஒன்று வாங்கலாம்," என்றார் சோதிலிங்கம். குலைகளை உள்ளே இழுத்துக் காம்பு நீக்கி நசுக்கும் இயந்திரம் அது. பழையது துருப்பிடித்துக் கிடந்தது.

மேசையைச் சுற்றி ஒரு பார்வை ஓடியது. "பெரிய வாயா?" என்று கேட்டார் அகத்தா.

"பெரிய வாய்தான்."

உடனே அனுமதி கிடைத்துவிட்டது.

கிரஷர் வந்து இறங்கியது. ஆள் உயரம், பளபளக்கும் எஃகு, மேலே அகன்ற வாய். வாய்க்குள் புலியின் முதுகெலும்பு மாதிரி ஒரு திருகு சுழன்றது. வாய்க்கு மேலே கம்பி மூடி, பக்கத்தில் சிவப்பு நிறுத்துபொத்தான். சோதிலிங்கத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. புது இயந்திரத்தைச் சும்மா ஓடவிட அவருக்கு மனம் வரவில்லை. சாண்ட்ரிங்ஹாமில் இந்தியக் கடை ஒன்றில் தேடி நீத்துப்பூசணிக்காய் ஒன்று வாங்கினார். மறுநாள் காலை ஆட்கள் வருமுன் அவரும் நல்லசாமியுமாக இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். பூசணிக்காயைத் துளைத்து உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மூன்று முறை சுற்றி, "கண்ணூறு எல்லாம் போகட்டும்!" என்று சிமெந்துத் தரையில் ஓங்கி அடித்தார் சோதிலிங்கம். காய் வெடித்துச் சிதறியது. சுவரில், தரையில், இயந்திரத்தின் வாயில், அவர் சட்டையில் எல்லாம் சிவப்பும் வெள்ளைச் சதையுமாகத் தெறித்தது.

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த ஹியூகோ ஒரு கணம் வாசலில் உறைந்தார். பிறகு ஆனந்தத்தில் கத்தினார். ஆலையின் மணி அடித்தது. குடும்பம் மொத்தமும் ஓடிவந்தது. அகத்தா இரவு அங்கியோடு வந்தார், பின்னால் ஒருவர் ஷாம்பெயின் புட்டிகளோடு வந்தார்.

"யார்? எந்தப் பகுதி?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் அகத்தா.

"பேசாதீர்கள் அத்தை!" ஹியூகோ சதைத் துண்டுகளுக்கு நடுவில் மண்டியிட்டு, கண்ணை மூடி, இரண்டு விரலை நெற்றியில் வைத்துக்கொண்டார். "மூளை மாதிரி இருக்கிறது... வருகிறது... ஏதோ வருகிறது... ஈரமான ஒன்று..."

எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். யாரோ விம்மினார்கள். அந்த அமைதியில் நல்லசாமிக்கு மனம் கேட்கவில்லை.

"சார், அது பூசணிக்காய் சார்."

ஹியூகோ கண்ணைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். அகத்தாவின் முகம் மெல்ல மெல்லக் கல்லாகியது.

"ஒரு காய்கறிக்காகவா," என்றார் அவர், "நான் படியிறங்கி வந்தேன்?"

ஹியூகோ கையில் அகப்பட்ட ஷாம்பெயின் புட்டியை நல்லசாமியின் தலையைக் குறிபார்த்து எறிந்தார். குடும்பமே நிமிர்ந்து பார்த்தது. நல்லசாமி குனிந்துவிட்டார். புட்டி சுவரில் மோதித் தூளாகியது. "இந்த ஆளும் குனியப் பழகிக் கெட்டுப்போனான்," என்று அகத்தா பெருமூச்சோடு மாடிக்குத் திரும்பினார்.

விசாரணை அன்று மாலையே நடந்தது. குற்றம்: போலிக் காயம் உண்டாக்கி ஓர் எண்ணத்தைப் பாதிவழியில் கலைத்தது. தண்டனை என்று அவர்கள் சொல்லவில்லை, கௌரவம் என்றார்கள். நூறாண்டு விழாவின் 'மரபுப் பங்காளி'யாகச் சோதிலிங்கம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

"நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல," என்றார் ஹியூகோ. "உங்களை யாரும் தொட மாட்டார்கள். விபத்து என்பது தானாக நடக்க வேண்டும், அதில்தான் அதன் அழகு. விருந்தினர் முன்னிலையில் நீங்கள் வழக்கம்போலக் கிரஷரைச் சோதிப்பீர்கள். மூடி திறந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நான் நிற்பேன், சிந்திப்பதற்கு."

"கை போய்விடுமே," என்றார் சோதிலிங்கம்.

"எந்தக் கை என்பதில் நாங்கள் தலையிட மாட்டோம். அது உங்கள் தனிப்பட்ட விஷயம்."

"நான் மறுத்தால்?"

அகத்தா உண்மையாகவே வருந்தினார். "மறுக்கலாம். இது சுதந்திர நாடு. வெளியே போகும்போது உங்கள் கதவிலிருந்து அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு போங்கள். இரண்டு வரிப் பெயர், வேறு யாருக்கும் பொருந்தாது."

சோதிலிங்கத்தின் வீடு பிளாட் புஷ்ஷில். மனைவி குணவதி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். நாள் முழுக்க மற்றவர்களைத் தூக்கி நிமிர்த்தும் வேலை. அன்று புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை முதலில் பகிடி என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அடுப்பை நிற்பாட்டினாள்.

"உங்களுக்கென்ன விசரே?"

"முழுக் கையும் எண்டில்லையப்பா. சின்ன விரல் மட்டும் எண்டு கதைச்சுப் பாக்கலாம். அதின்ர உபயோகம் குறைவுதானே."

"ஓ, விலை பேசுறியளோ?"

"ஐம்பத்தஞ்சு வயசில எனக்கு வேற ஆர் வேலை தருவினம்? திரும்பப் போய்த் தள்ளுவண்டி தள்ளவோ? கதவில பேர் போட்டிருக்கிறாங்கள், குணம்."

குணவதி அகப்பையைக் கழுவுதொட்டிக்குள் எறிந்தாள். அது நின்று ஆடியது. அவருடைய வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். பிறகு இடது கையையும்.

"இஞ்சாருங்கோ. சுத்திவரச் செல் விழேக்குள்ள பங்கருக்குள்ள என்னைப் பொத்திப் பிடிச்ச கை இது. எங்கட ஒழுங்கையில முழுசா வெளிக்கிட்ட ஆக்கள் எத்தினை பேர்? ஆமிக்காரனுக்குக் குடுக்காத விரலை ஒரு சாராயக்காரனுக்குக் குடுக்கப் போறியளோ?"

"சாராயம் இல்லை, வைன்."

"வாயை மூடுங்கோ. விழாவுக்கு நானும் வாறன். பத்து விரலோட போறியள், பத்து விரலோட கூட்டிக்கொண்டு வருவன்."

விழாவன்று சரிவு முழுக்க வெள்ளைக் கூடாரங்கள். தொப்பி வைத்த பெண்கள், டை கட்டிய ஆண்கள், பேரவை நடுவர்கள். வளைவிலிருந்து மண்டபம் வரை சிவப்புக் கம்பளம். குணவதி தன் கூறைச்சேலையை உடுத்து வந்து, கேட்காமலே முன்வரிசையில் அமர்ந்துகொண்டாள். அவளுக்கு ஷாம்பெயின் நீட்டிய பையனிடம் "தண்ணி இருக்கோ?" என்று கேட்டாள்.

முதலில் பீப்பாய் உருட்டினார்கள். கயிற்றை ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். நிறைந்த பீப்பாய் சரிவில் துள்ளித் துள்ளி இறங்கியது. முன்னால் ஓடிய ஊழியர்கள் பக்கவாட்டில் பாய்ந்து தப்பினார்கள். அது பாலாடைக்கட்டிக் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு போய், இசைக்குழுவின் பெரிய மத்தளத்தைச் சப்பளித்து, நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கதவுக்குள் புகுந்து வெடித்தது. சிவப்பு வைன் கண்ணாடியில் வழிந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. காருக்குள் யாரும் இல்லை. "அடடா," என்றார்கள் எல்லாரும்.

பிறகு அகத்தா மேடையேறினார். "எங்கள் நிலத்துக்குச் சிலர் வேர்வையைக் கொடுத்தார்கள், சிலர் இரத்தத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் எங்களிடம் இல்லை. இருந்தால் நீங்கள் அவர்களைத்தான் நினைப்பீர்கள், வைனை மறந்துவிடுவீர்கள். ஒரு நிறுவனம் எதை மறக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் மரபு." கூட்டம் கைதட்டியது. பேரவைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிரஷரை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மூடி இல்லை. காலடிப் பலகையில் எண்ணெய் பளபளத்தது. திருகு சுழன்றது. மேலிருந்து கொட்டிய குலைகளை அது கறுமுறு என்று மென்று, கீழே சாறாகத் துப்பியது. சோதிலிங்கம் பக்கத்தில் நின்றார். வலது சின்ன விரலா, இடது சின்ன விரலா என்று அந்த நிமிடம்கூட அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தார். குணவதி இமைக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதிலிங்கம் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். திருகு நின்றது.

"இயந்திரம் பாதுகாப்பாக இல்லை," என்றார் சத்தமாக. "மூடியைப் போடும்வரை ஓட விட மாட்டேன். என் வேலை அது."

"அபாரமான நடிப்பு!" என்று ஒரு நடுவர் சொல்லிக் கைதட்டினார்.

ஹியூகோ புன்னகையை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு பொத்தானை மறுபடி விடுவித்தார். திருகு உயிர்பெற்றது. சோதிலிங்கம் அமுக்கினார். ஹியூகோ விடுவித்தார். மூன்றாம் முறை ஹியூகோவின் பொறுமை போய்விட்டது. சோதிலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, வாயை நோக்கி இழுத்தார்.

"தானாக நடக்கட்டும்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தானாக நடக்கட்டும், நாயே!"

ஹியூகோவுக்குப் பாதி வயது, இரட்டை எடை. சோதிலிங்கத்தின் செருப்பு எண்ணெய் பூசிய பலகையில் வழுக்கியது. முழங்காலால் உதைத்தார். ஹியூகோ தலையால் அவர் மூக்கில் இடித்தார். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. விரல்நுனியில் திருகின் காற்று பட்டது. விருந்தினர்கள் எழுந்து நின்று தாளம் போட்டார்கள். குணவதி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "விடடா அவரை!" என்ற அவள் குரல் மத்தளக்காரன்வரை கேட்டது.

அதற்குள் சோதிலிங்கம் கடித்துவிட்டார். பிறந்ததிலிருந்து மரக்கறியைத் தவிர வேறெதையும் தொட்டறியாத பற்கள் ஹியூகோவின் பெருவிரலில் எலும்பு தட்டுப்படும்வரை இறங்கின. ஹியூகோ அலறி, பிடியை உதறி, பின்னால் சாய்ந்தார். எண்ணெய் அவரையும் பாகுபாடில்லாமல் வழுக்கிவிட்டது. விழாமல் இருக்க எதையாவது பிடிக்கக் கையை நீட்டினார். அது கிரஷரின் வாய்.

சத்தம் சின்னதாகத்தான் இருந்தது.

யோசிக்காமலே பாய்ந்து பொத்தானை அமுக்கியவர் சோதிலிங்கம். அவர் அமுக்கியதால் போனது இரண்டு விரலோடு நின்றது. ஹியூகோ கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தரையில் விழுந்து புரண்டு ஓலமிட்டார். மேடை விளிம்பில் இரத்தம் தெறித்துக் கோலம் போட்டது. கீழ்க்குழாயில் சாறு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நடுவர் அனிச்சையாகக் கோப்பையை நீட்டி, ஒரு மிடறு சுவைத்து, "இரும்பின் மெல்லிய சாயல்," என்றார்.

பெண்டில்பரி குடும்பம் திகைத்து நின்றது. ஹியூகோவின் விரல்கள் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. நூறு வருடத்தில் ஒரு பெண்டில்பரி தரையில் கிடந்து பக்கத்தில் ஒரு வேலையாள் முழுசாக நின்றது இல்லை. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் அகத்தாவைப் பார்த்தார்கள்.

அகத்தா மரபுக்குக் கட்டுப்பட்டவர். மருமகனைத் தாண்டி நடந்து வந்து, சோதிலிங்கத்தின் எதிரே நின்று, தொண்டையைச் செருமினார்.

"திரு லிங்கம். பக்கத்தில் நோவில்லாமல் நின்றவர் நீங்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றியதா?"

சோதிலிங்கத்தின் மூக்கிலிருந்து இன்னும் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை நோவு என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒளிவாங்கி ஒன்று அவர் வாயருகே வந்தது. அவர் ஹியூகோவைப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார், இந்த மனிதர்களைப் பார்த்தார்.

"அம்புலன்ஸ்!" என்று கத்தினார். "அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்!"

அகத்தா அந்தச் சொல்லை மெல்ல மென்று பார்த்தார். "காயம் பட்டவுடனேயேவா?"

"உடனேயே!"

"பிழிந்து முடிப்பதற்கு முன்னாலேயா?"

"முன்னாலேயே!"

அகத்தா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ஒளிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "என் பாட்டனாருக்குத் தோன்றவில்லை. சித்தப்பாவுக்குத் தோன்றவில்லை. என் தகப்பனார் தொட்டிக்கு முன்னால் நின்றபோதும் தோன்றவில்லை. நண்பர்களே, எவ்வளவு எளிமை, எவ்வளவு துணிச்சல்!"

கைதட்டல் சரிவின் அடிவாரம்வரை உருண்டது. பேரவைத் தலைவர் மேடையேறி முன்னோடி விருதை அங்கேயே அறிவித்தார். இந்தப் புதுமைக்கு என்ன பெயர் வைப்பது, பக்கத்து வைன் ஆலைகள் இதைத் திருடாமல் எப்படிப் பதிவு செய்வது என்று நடுவர்கள் கலந்து பேசத் தொடங்கினார்கள். அம்புலன்ஸை மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

"அத்தை..." என்று தரையிலிருந்து முனகினார் ஹியூகோ.

"பேசாதே," என்றார் அகத்தா. "நோவில் இருப்பவரால் சிந்திக்க முடியாது."

குணவதி கூறைச்சேலையின் முந்தானையை நறுக்கென்று கிழித்து ஹியூகோவின் மணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். "கையை மேல பிடியடா. உயர்த்து, இன்னும் உயர்த்து. நல்லசாமி அண்ணை, ஃபோனை அடியுங்கோ! உந்த ஐஸ் வாளியைத் தாங்கோ, விரல் மெசினுக்குள்ள கிடக்குது!"

"அடிச்சாச்சு அக்கா, வந்துக்கிட்டே இருக்காங்க," என்றார் நல்லசாமி, வாளியோடு ஓடிவந்து.

அம்புலன்ஸ் வந்து, ஹியூகோவை ஏற்றிக்கொண்டு போன பிறகும் கூட்டம் கலையவில்லை. அகத்தா சோதிலிங்கத்திடம் வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"இனி உங்கள் அறை மேல்மாடியில். நீங்கள் சிந்திக்கும் பக்கம் வந்துவிட்டீர்கள், திரு லிங்கம். உங்கள் பழைய வேலைக்கு ஆள் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீளமான கைகள் உள்ள யாராவது." வாழ்த்துச் சொல்ல வலது கையை நீட்டினார். புகைப்படக்காரர் குனிந்து தயாரானார்.

சோதிலிங்கம் மரியாதை தெரிந்தவர். பெரியவர்கள் நீட்டிய கையை ஒருநாளும் தட்டியதில்லை. அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, சரிவில் இறங்கி நடந்தார்.

கார் நிறுத்துமிடத்தில்தான் நின்றார். முந்தானை இல்லாத சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்த குணவதி, பூட்டிய காரடியில் சாவிக்குக் கை நீட்டினாள்.

"திறப்பை எடுங்கோவன்."

"என்ர சேட்டுப் பொக்கற்றில கிடக்கு. நீரே எடும்."

"கையை எடுத்தால் என்ன?"

"நீர் ஓட்டும் குணம்," என்றார் சோதிலிங்கம்.

கூமியூவிலிருந்து பிளாட் புஷ்வரை குணவதிதான் ஓட்டினாள். சீட்பெல்ட்டையும் அவளே மாட்டிவிட்டாள். வழி நெடுக அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.